சூளைக்குக் காவலிருந்த பிற்பகல்

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.
யூலை 21

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், குசினி மேசைக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. நீ அங்கே மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, கைகால் பத்திரமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். மேசையின் கதையை நானே முந்திச் சொல்லிவிடுகிறேன், போனில் அம்மா சொன்னால் அதில் நான் இன்னும் பெரிய மடையனாக வருவேன். போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு உன் அப்பா இந்தக் கட்டிடத்தில் இருக்கிற இருபத்திரண்டு குடும்பங்களையும் வீதிக்கு இறக்கிவிட்டு, தானும் சாரமும் பெனியனுமாக நடைபாதையில் நின்றான். தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. எதிர்வீட்டு யன்னலில் ஒரு மனிசி எங்களைப் படம் எடுத்தா, அதில் நான் ஒரு கையால் சாரத்தையும் மறுகையால் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியையும் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று நினைக்கிறேன். மூடியை ஏன் கொண்டு இறங்கினேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

காரணம் நீ சுட்ட கல்தான். யூனில் உன்னிடம் வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுப் புறப்படும்போது, உன் சுண்ணாம்புச் சூளையில் வெந்த நல்ல கல் ஒன்றை, ஒரு தோடம்பழ அளவு இருக்கும், பொலித்தீன் பையில் சுற்றிச் சப்பாத்துக்குள் வைத்து, உனக்கும் சொல்லாமல் சூட்கேசின் அடியில் போட்டுக் கொண்டுவந்தேன். விமானத்தில் கொண்டுபோகக் கூடாத சாமான் அது என்று பேந்துதான் அறிந்தேன், இனிச் செய்யமாட்டேன். கீழ்வீட்டு றோசலினை உனக்குத் தெரியுந்தானே, மட்டக்களப்புக்காரி, வெற்றிலை இல்லாமல் ஒரு வசனம் முழுதாகக் கதைக்கமாட்டா. தமிழ்க் கடையில் விற்கிற சுண்ணாம்பு பற்பசை மாதிரி இருக்கிறது என்று அவ ஒருநாள் படியில் நின்று குறைப்பட, என் மகள் அயர்லாந்தில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறாள், நான் கொண்டுவந்து தருகிறேன் என்று நான் வாயை விட்டுவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியும்.

அன்றைக்கு றோசலின் வெற்றிலையும் பாக்கும் தட்டில் வைத்துக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்துவிட்டா. அம்மா கழுவி அடுக்கி வைத்திருக்கிற ஐஸ்கிறீம் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக் கல்லை வைத்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கல் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. இதுவும் அங்கே வேகாமல் போன கல்லுகளில் ஒன்றோ என்று நினைத்தேன். இன்னொரு குவளை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ முனகுவது போல ஒரு சத்தம், பிறகு கல் பிளந்தது, பிறகு அது கொதித்த கொதியை நான் எழுதிக் காட்ட ஏலாது. அறை முழுக்க வெள்ளை ஆவி. பெட்டி முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு குந்தியது, பிறகு மேசையோடு மேசையாக உருகி ஒட்டியது. அந்த ஆவிப் புகாருக்குள் அம்மாவின் முகம் மட்டும் மிதந்து வந்து, இஞ்சருங்கோ, அதை மூடித் துலையுங்கோ என்றது, அதற்குத்தான் மூடியைக் கையில் எடுத்தேன். அதற்குள் அலாரம் அடிக்கத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரசாயன வாத்தியார் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் காட்டிய அன்றைக்கு நான் கடைசி வாங்கில் இருந்து கிறிக்கெட் பந்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு நாள் பாடத்தை ஐம்பது வருடம் கழித்து இருபத்திரண்டு குடும்பத்துக்கு முன்னால் படித்தேன். வீதியில் றோசலின் வெற்றிலைத் தட்டோடு என் பக்கத்தில் நின்று, என்ன அண்ணன், இது வெத்திலைக்கா, வீடு கட்டவா என்று மெதுவாகக் கேட்டா.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். தீயணைப்புக்காரரில் ஒரு பெடியன், முதலில் பொன்ஜூர் சொல்லி வணக்கம் வைத்துவிட்டுத்தான் விசாரித்தான், கையுறையோடு அந்தப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். இது எங்கே வாங்கியது என்றான். வாங்கவில்லை, என் மகள் சுட்டது என்றேன். ஒருநாளும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்று என்னைக் கண்டித்துவிட்டு, போகும்போது படியில் திரும்பி, உன் மகள் நன்றாகத்தான் சுட்டிருக்கிறாள் என்றான். அம்மா அந்த நேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தா, அவ கேட்கவில்லை. நான் கேட்டேன். அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

அந்த வெள்ளைப் புகாரைப் பார்த்ததிலிருந்து உன் மேட்டுக்காணி என்னை விட்டுப் போகவில்லை. மெத்ரோ ரெயிலில் கதவு மூடுகிறது, திறக்கும்போது நான் அயர்லாந்தில், உன் கிளேரில் நிற்கிறேன். அங்கே வெளிச்சம் இரவு பத்தரை வரைக்கும் வடியவில்லை, எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று என் வயிற்றுக்கும் கண்ணுக்கும் மூன்று கிழமையும் சண்டை. மேட்டின் சரிவில் பாதி புதைந்த கிணறு மாதிரி அந்தச் சூளை, காணிக்காரன் டெக்லனின் ஆட்கள் எந்தக் காலத்திலோ கட்டி, பிறகு மறந்துவிட்டு, உள்ளே ஒரு மரம் முளைத்து நின்றதாம், நீ போய் அவனிடம் கேட்டு, மரத்தை எடுத்து, கல்லுக்குக் கல் வைத்துச் சரிப்படுத்தினாய். மேல் வாயால் ஒரு அடுக்கு, சதுப்பில் வெட்டி விறகு போல எரிக்கிற காய்ந்த கரிமண் கட்டி, அதன்மேல் ஒரு அடுக்குச் சுண்ணாம்புக் கல், திரும்பவும் கரிமண், திரும்பவும் கல். நான் ஒரு கல்லைத் தூக்கி வைப்பதற்குள் டெக்லன் மூன்று தூக்கினான், கடைசியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் என்னை இருத்தி, யோகா, நீ மேற்பார்வையாளர் என்று சொல்லிவிட்டான். எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அதுதான்.

அடியில் கண் என்று சொல்கிற காற்றுத் துவாரத்தால் நீ நெருப்பு வைத்தாய். முதல் நாள் கல்லின் ஈரம் வெள்ளையாகப் போனது. இரண்டாம் நாள் நீலப் புகை, உன் தலைமயிரில் எல்லாம் அந்த மணம். மூன்றாம் நாள் மத்தியானம் புகையே இல்லை, வாய்க்கு மேலே காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்கு அப்பால் டெக்லனின் மாடுகள் தண்ணீருக்கு அடியில் நிற்பது போல நின்றன, ஒரு மாடு கழுத்தைத் திருப்பினால் அது திரும்பி முடிக்க ஒரு வருடம் எடுக்கும் போல இருந்தது. நீ இரண்டு இரவு கண் மூடவில்லை. டெக்லன் கரிமண் ஏற்றி வரப் போய்விட்டான். ஒரு மணித்தியாலம் படுக்கப்போகிறேன் என்று நீ சொல்லி, எனக்குக் காவல் தந்தாய். மேற்குக் காற்று எழும்பினால் நெருப்பு ஒரு பக்கம் ஓடிவிடும், இந்த இரண்டு கல்லையும் சூளைக் கண்ணில் வைத்துப் பாதிக்குச் சுருக்க வேண்டும், சுருக்கிவிட்டு உடனே உன்னை எழுப்ப வேண்டும், காற்று எழும்பாவிட்டாலும் இரண்டரைக்கு எழுப்ப வேண்டும். நான் மூன்று தரம் திருப்பிச் சொன்னேன், நீ மூன்று தரமும் தலையாட்டினாய். பழைய காலத்தில் சூளை வாயின் சூட்டுக்கு ஆசைப்பட்டுப் பக்கத்தில் படுத்த ஆட்கள் சூளையின் நச்சுக் காற்றால் எழும்பாமலே போயிருக்கிறார்கள் என்று சொல்லி, நீ படுக்கிற வான் வண்டியை ஐம்பது அடி தள்ளி, காற்றுக்கு முன்பக்கமாக விட்டாய். எல்லாம் யோசித்துத்தான் செய்தாய்.

பிறகு நடந்தது நான் உனக்கு அங்கேயே சொன்னதுதான், வாளியில் இருந்தபடி நானும் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு கனவு கண்டேன், அதை அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. கனவில் வானின் கதவு திறந்து கிடக்கிறது, நீ ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாய். உன் இடக்கால் காலுறையில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. ஒரு பெரிய வண்டு உள்ளே வந்து, நீ குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றும் பிடிக்காமல் வெளியே போகிறது. பிறகு மேட்டில் புல் முழுக்க ஒரேயடியாக மறுபக்கம் திரும்புகிறது, பச்சை போய் வெள்ளி நிறம். சூளையின் வாயில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து சிவந்து போகிறது, மறுபக்கம் சாம்பல். எனக்கு அங்கே நின்றபடியே பொரித்த எண்ணெய் மணக்கிறது, டவுன்டவுன் உணவகத்தின் எண்ணெய். உனக்கு ஞாபகம் இருக்காது, பதினொரு வருடம் அங்கே எனக்கு இரவு வேலை, நான் வரும்போது நீ நித்திரை, நீ சின்னனில் பிள்ளை பார்க்கிற கார்தெரிக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது நான் நித்திரை. குளிர்கால அங்கியைக் கழற்றாமலே உன் கட்டிலடியில் வந்து நிற்பேன், அம்மா மற்ற அறையில் இருந்து, பிள்ளையை எழுப்பிப் போடாதேங்கோ என்பா. கனவில் அந்தக் குரலும் வந்தது. கிளேரில் நல்ல வெய்யிலுக்குள்.

நீயாக எழும்பியபோது மணி ஐந்து. நீ ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். சூடு ஆறி, மூன்று நாள் கழித்துத் திறந்தபோது ஊரே வந்தது, இடிந்த தேவாலயத்தின் சுவரை உன் சுண்ணாம்பால் திருத்துகிற குழு, அவர்களின் மனைவிமார், ஒரு கேக். நீ கல்லை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாய். அது போய் அடியில் இருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், கல்லும் அவர்களைப் பார்த்தது. கடைசியில் டெக்லன், நல்லாய்க் கழுவுப்பட்டிருக்கு என்றான், சிலர் சிரித்தார்கள், பாவம், அவன் உனக்காகத்தான் பகிடி விட்டான். ஒரு பக்கத்துக் கல் மட்டும் வெந்திருந்தது, தட்டினால் கோப்பை போலச் சத்தம், மற்றப் பக்கம் வேகாத பச்சைக் கல். சுவருக்கு அது காணாது. என்ன நடந்தது என்று குழுத் தலைவர் கேட்க, பொறுப்பு என்னுடையது, நான் நித்திரையாகிவிட்டேன் என்று நீ சொன்னாய். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அந்த நேரத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறையக் கேக்கோடு ஒரு மனிதன் என்ன சொல்ல ஏலும் என்று நீயே சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கதைத்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி குழு கூடும்போது செப்ரெம்பரில் திரும்பச் சூளை மூட்டமாட்டேன் என்று சொல்லப்போகிறாய், மேட்டுக்காணிக் கேற்றின் சாவியை டெக்லனிடம் கொடுத்துவிட்டு ஒக்ரோபரில் இங்கே வந்துவிடப்போகிறாய், டவுன்டவுனில் முந்தி வேலை செய்த இடத்தில் திரும்ப எடுக்கிறார்களாம். அம்மா ஏன் என்று கேட்டபோது நீ சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அறுபத்தெட்டு வயது மனுசனைப் பயணக் களைப்போட காவலுக்கு வச்சிட்டுப் படுத்தனான் அம்மா, ஆளின்ர களைப்பையே அறியத் தெரியாத நான் நெருப்பை என்னெண்டு அறியிறது? அதை நீ அழுது சொல்லியிருந்தால் பரவாயில்லை, கடையில் விலை கேட்பது போலச் சொன்னாய்.

அம்மா அடுத்த நாளே உன் அறையில் இருந்த அரிசிப் பைகளை நடைக்கு மாற்றிவிட்டா. புதுத் திரைச்சேலை, இளம் மஞ்சள், உனக்குப் பிடிக்காது என்று சொன்னேன், பிடிக்கும் என்கிறா. கர்க்லாண்டில் இருக்கிற உன் சித்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன், உன் கட்டில் காலின் ஆட்டத்தை நிற்பாட்டினேன், மேசை விளக்குக்குப் புது பல்ப் போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதை ஏற்றியும் அணைத்தும் பார்த்துக்கொண்டு இருந்தேன். மெத்ரோவில் இருபது நிமிடத்தில் வேலைக்குப் போய் வருவாய், பின்னேரம் ஆறு மணிக்குக் கதவு திறக்கும், நான் இப்போது இரவு வேலை இல்லாதவன், வீட்டில்தான் இருப்பேன். முழித்திருக்கிற மகளோடு இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். கனவு கனவாகத்தான் இருக்கிறது, ஆனால் நல்ல கனவு.

அம்மா எழுதச் சொன்னவை இவை. சுண்ணாம்பு பட்ட கைக்குத் தேங்காயெண்ணெய் பூசு. பாணும் முட்டையும் மாத்திரம் சாப்பாடு இல்லை, பருப்பு ஒரு கைபிடி போட்டால் கால் மணித்தியாலம். ஈரச் சப்பாத்தோடு வானுக்குள் இருக்காதே. வருகிற பெட்டியில் இடியப்ப மாவும் மிளகாய்த்தூளும் இருக்கும், காலுறை ஆறு சோடி வைத்திருக்கிறேன், அவை என் செலவு. நான் எழுதுவது ஒன்றுதான், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் எந்தக் கல்லுக்கும் தண்ணீர் ஊற்றாதே, இது அனுபவசாலி சொல்வது. டெக்லனுக்கு என் அன்பைச் சொல், மேற்பார்வையாளர் கேட்டார் என்று சொல்.

நீ தொட்ட காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், உன் கண்ணும் கையும் நெருப்புக்கு நடுவிலும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் விளக்கேற்றும்போது தினமும் நினைக்கிறோம். கூட்டம் ஒன்பதாம் திகதி, அதற்கு முன் இந்தக் கடிதம் வந்துசேரும் என்று தபால் கந்தோரில் கேட்டுத்தான் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே முழுவதையும் படி, கடைசித் தாளின் பின்பக்கத்தையும்.

என்றும் உன் அன்பு அப்பா,
யோகராசா

(பின்பக்கம்)

தாட்சா, அம்மா முன்பக்கம் எல்லாம் படித்து, சரி ஒட்டுங்கோ என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் வாங்கப் போய்விட்டா. ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். அங்கே நான் கனவு என்று எழுதியது கனவில்லை. இரண்டரைக்கு நான் வாளியில் இருந்து எழும்பி வானடிக்கு வந்தேன், உன் தோளுக்குக் கை நீட்டினேன், கை தானாக மடங்கிவிட்டது. மூன்று மணிக்குக் காற்று திரும்பியதையும் கண்டேன், சூளை ஒரு பக்கம் சிவந்ததையும் கண்டேன். கல்லை வைக்கப் போனால் சத்தத்தில் நீ எழும்பிவிடுவாய் என்று அப்படியே நின்றேன். எனக்குக் களைப்பு ஒரு துளியும் இல்லை. நீ ஆளைச் சரியாகத்தான் அறிந்து வைத்தாய், சொல்ல வேண்டியதையும் சரியாகத்தான் சொன்னாய், வெந்த பக்கத்துக் கல் இங்கே எங்கள் மேசையை உருக்கிப்போட்டது. இதைக் குழுவுக்கு வாசித்துக் காட்டு. சாவியைக் கொடுக்காதே. திரைச்சேலையைப் பற்றி அம்மாவிடம் நான் கதைக்கிறேன்.

அன்றைக்கு நான் நித்திரை கொள்ளவில்லை, பிள்ளை. உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.